கடலையை ஊறவைப்பது யார்?

மாலை ஐந்து மணிக்கு டீக்கடை வாணலியிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வெளியே வரும். கடைக்காரர் செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, அதில் இரண்டை வைத்து நீட்டுவார். வாங்கியவர் இன்னொரு துண்டை மேலே வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். எண்ணெய் தாளில் இறங்கும், தாளின் மை பஜ்ஜியில் ஏறும். அச்சு மையில் ஈயம் உள்ளிட்ட நச்சுகள் இருக்கக்கூடும், உணவைச் செய்தித்தாளில் மடிக்காதீர்கள் என்று 2023 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாட்டுக்கே அறிவுறுத்தியது. கடைகள் கேட்டபாடில்லை. இந்த நடுப்பக்கமும் இரண்டே நாளில் ஏதோ ஒரு கடையில் எண்ணெய் உறிஞ்சப் போவதுதான். எனவே பஜ்ஜிக்கு எதிராகப் பிரசங்கம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. மழை பெய்தால் எனக்கும் அந்தக் கடை வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால், பேசாமலும் இருக்க முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னொரு 13.6 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருக்கிறது; நாட்டின் சராசரி 11.4தான். தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் அளவுக்கு மீறிய எடை கொண்ட பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2இலிருந்து 37 சதவீதத்துக்குப் போயிருக்கிறார்கள். நான்கைந்து ஆண்டுகளில் இத்தனை ஏற்றம் பரம்பரையால் வந்திருக்க முடியாது. சாப்பாடும் உட்கார்ந்தே கழியும் பொழுதும் சேர்ந்து செய்த வேலை அது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். மாத்திரை வந்து சேரும் அதே வீட்டின் அடுப்படியில் என்ன நடக்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

தடைப் பட்டியல் ஏன் தோற்கிறது?

என் அண்ணனுக்குச் சர்க்கரை வந்தபோது, மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். இடது பக்கம் ‘சாப்பிடலாம்’, வலது பக்கம் ‘சாப்பிடக் கூடாது’. அண்ணன் வாழ்க்கையில் விரும்பிச் சாப்பிட்டது அத்தனையும் வலது பக்கத்தில் இருந்தது. பரோட்டா, பூரி, மெதுவடை, மிக்சர், பால்கோவா. இடது பக்கத்தில் அவர் கேள்வியே படாத சில பெயர்களும் வெள்ளரிக்காயும் இருந்தன. அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். பதினைந்து நாள் பத்தியம். பதினாறாம் நாள் இரவு, நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் பரோட்டாக் கடையில் பிடிபட்டார்.

அவரைத் திட்டிப் பயனில்லை. மனதுக்குப் பிடித்த தீனியை மனிதன் பசிக்காக மட்டும் தேடுவதில்லை. அலுப்பு, தனிமை, மழை, சம்பள நாள், தேர்வு முடிந்த சாயங்காலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்டம் இருக்கிறது. ‘சாப்பிடாதே’ என்றால் அந்தப் பொழுதையே பிடுங்கியதாகிவிடும். பிடுங்கியதை நாக்கு ஒருநாள் திரும்பக் கேட்கும்.

அப்படியானால் கேள்வியை வேறு விதமாகப் போட வேண்டும். அந்தப் பண்டத்தில் நமக்குப் பிடித்தது எது? மெதுவடையில் பிடித்தது மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சும் வாயில் அகப்படும் மிளகும். ஒரு வடை குடித்திருக்கும் எண்ணெயை ருசித்துச் சாப்பிட்டவர் யாருமில்லை. கொத்து பரோட்டாவில் பிடித்தது சால்னா, வதங்கிய வெங்காயம், முட்டை, மிளகுக் காரம், கல்லில் விழும் அந்தத் தாளம். மைதாவுக்கென்று தனியாக ஒரு ருசி உண்டா என்ன? பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் வீட்டுச் சமையலின் சாமர்த்தியம்.

பணியாரக் கல்லில் ஒரு வடை

எங்கள் வீட்டில் முதலில் தேறியது வடைதான். ஒரு டம்ளர் உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்தோம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும், ஊற்றினால் கெட்டது. மாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் உள்ளே காற்று ஏறியிருக்கிறது, வடை பஞ்சாக வரும் என்று பொருள். உப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே போட்டால் மாவு நீர்த்துவிடும். நறுக்கிய வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு. இதுவரை எல்லாம் வழக்கமான வடைதான்.

மாற்றம் இனிமேல்தான். வாணலிக்குப் பதில் பணியாரக் கல். குழிக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக நல்லெண்ணெய். கல் நன்றாகக் காய்ந்ததும் மாவை விட்டு, மூடி போட்டு, தீயை மட்டாக வைக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் கம்பியால் திருப்பினால் அடிப்பக்கம் பொன்னிறமாகிச் சுரண்டும்போது ‘கரகர’வென்று சத்தம் வரும். மறுபக்கத்துக்கு மூடி வேண்டாம். மூடினால் ஆவி இறங்கி மொறுமொறுப்புப் போய்விடும். ஒரு டம்ளர் உளுந்துக்கு மூன்று ஈடு வந்தது. மொத்தத்துக்கும் செலவான எண்ணெய் ஐந்து தேக்கரண்டி. நடுவில் ஓட்டை இல்லை என்பதைத் தவிர அண்ணனிடமிருந்து வேறு புகார் வரவில்லை.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வாணலியில் பொரித்தால் எண்ணெய் மிஞ்சும். மிஞ்சிய எண்ணெய் என்ன ஆகிறது? கடைகளுக்குச் சட்டம் இருக்கிறது. பொரித்த எண்ணெயில் சேரும் கேடான சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவதில்லை. நாம் அதை வடிகட்டி ஒரு தூக்கில் ஊற்றி வைக்கிறோம், மறுநாள் அதே எண்ணெயில் தாளிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை அதிலேயே அப்பளம் பொரிக்கிறோம். எண்ணெயைக் கொட்ட மனம் வராத குடும்பங்களுக்குப் பணியாரக் கல்லை விடச் சிக்கனமான பாத்திரம் கிடையாது. இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏர் ஃப்ரையர் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

பரோட்டாவில் தோற்ற கதை

எல்லாமே இப்படித் தேறிவிடவில்லை. வடை கொடுத்த தைரியத்தில், பரோட்டாவுக்கு மாற்று என்று கேழ்வரகு மாவையும் ஓட்ஸ் பொடியையும் பிசைந்து தட்டினேன். பசைத்தன்மை இல்லாத மாவு அடுக்காகப் பிரியுமா? தட்டில் வைத்தபோது அது பரோட்டாவாகவும் இல்லை, ரொட்டியாகவும் இல்லை. அண்ணன் மகன் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டுச் சொன்னான்: “சித்தப்பா, இது பரோட்டா இல்ல. பனிஷ்மென்ட்.”

அவன் சொன்னது சரி. மாற்று உணவைப் பரிந்துரைக்கிற பலரும் சறுக்குவது இங்கேதான். பழைய பெயரைச் சூட்டி வேறு ஒன்றைத் தட்டில் வைக்கிறார்கள். நாக்கு பெயரைப் பார்த்து எதிர்பார்க்கும், கிடைக்காதபோது கோபித்துக்கொள்ளும். கேழ்வரகை அடையாகவோ களியாகவோ கூழாகவோ கொடுத்தால் மதிப்பு. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள தானியம் அது. அதற்குப் பரோட்டா வேடம் போட வேண்டிய தேவை ஏன்?

மைதாவைப் பற்றி வாட்ஸப்பில் உலவும் பயங்கரக் கதைகளை நான் நம்புவதில்லை. மைதாவின் குறை எளிமையானது. கோதுமையின் தவிடும் முளையும் நீங்கிவிட்டன, நார்ச்சத்தும் அவற்றோடு போய்விட்டது. எஞ்சிய மாவு விரைவாகச் சர்க்கரையாகிறது. அதோடு பிசையும்போது எண்ணெய், ஊறும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் எண்ணெய். விருதுநகர்க்காரர்கள் அதை எண்ணெயிலேயே பொரித்தும் எடுக்கிறார்கள். ருசிக்கு நான் சாட்சி. வாரத்துக்கு நான்கு நாள் இரவு உணவாக அது இருக்கலாமா என்பதுதான் பிரச்சினை.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு சமரசம் பிறந்தது. பரோட்டாவை விட்டுவிட்டுச் சால்னாவைப் பிடித்தோம். சோம்பு, பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயமும் தக்காளியும் குழைய வதக்கி, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் இரண்டு கரண்டித் தேங்காயும் கொஞ்சம் கசகசாவும் அரைத்து ஊற்றித் தண்ணீராகக் கொதிக்கவிட்டால், தெருமுனை வரை மணக்கிறது. மதியம் மிஞ்சிய நான்கு கோதுமைச் சப்பாத்தியைப் பிய்த்து, இரண்டு வெங்காயம், அதே அளவு முட்டைக்கோஸ், மூன்று முட்டை, மிளகுத்தூள் சேர்த்து, தோசைக்கல்லில் சால்னா ஊற்றிக் கொத்தினோம். டம்ளரின் விளிம்பால்தான் கொத்து. பரோட்டாக் கடையின் தாளம் வரவில்லை என்றாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. “சித்தப்பா, நாளைக்கும் இதுவா?” என்று கேட்டவன் அதே பையன்தான்.

நூடுல்ஸுக்கும் இதே கணக்குதான். உடனடி நூடுல்ஸ் ‘இரண்டு நிமிடத்தில்’ வெந்துவிடுவதற்குக் காரணம், பெரும்பாலான வகைகளை ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரித்துப் பொட்டலத்தில் அடைப்பதுதான். உடன் வரும் மசாலாப் பொட்டலத்தில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு என்று பழகிய நாக்குக்கு அந்த வரம்பு ஏற்கெனவே சிரமம். கொங்குநாட்டு வீடுகளில் புழுங்கலரிசியை அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சில் பிழிவார்கள். சந்தகை. அதில் காரட், பீன்ஸ், முளைகட்டிய பயறு போட்டுத் தாளித்தால், உறிஞ்சி இழுக்கும் அந்தச் சுகம் அப்படியே குழந்தைக்குக் கிடைக்கும். பொட்டல நூடுல்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாளில் மசாலாவில் பாதியைப் போடுங்கள், ஒரு முட்டையையும் ஒரு கைப்பிடிக் காயையும் சேருங்கள். அதுவும் மாற்றம்தான்.

சிறுதானியம் என்ற புனிதம்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, கடைகளில் தினை முறுக்கும் சாமை மிக்சரும் ‘மல்டி மில்லட்’ பிஸ்கட்டும் குவிகின்றன. எண்ணெயில் பொரித்தால் தினையும் பொரித்த பண்டமே. பிஸ்கட் உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பட்டியலில் முதலில் நிற்பது மைதாவும் சர்க்கரையும் என்றால், முன்பக்கத்துப் படத்தில் எந்தக் கதிர் ஆடினால் என்ன?

வெல்லமும் அப்படித்தான். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டேன், கருப்பட்டி போட்டேன் என்று இரண்டு டம்ளர் காபி அதிகம் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருப்பட்டியில் மணம் உண்டு, கொஞ்சம் தாதுக்கள் உண்டு. பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு உள்ளவருக்கு அதன் பெயர் மாறியதால் உடம்பில் எதுவும் மாறிவிடாது.

2025இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் உணவு ஆய்வு இதைத் தெளிவாகவே சொல்கிறது. இந்தியர்கள் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அதே அளவுக்குச் சாப்பிட்டால் நீரிழிவு அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தின் பங்கைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்தது. வீட்டுப் பாஷையில் சொன்னால், சோற்றைத் தினையாக்குவதைவிடச் சோற்றைக் குறைத்துக் கூட்டைக் கூட்டுவது மேல்.

இந்தக் கணக்குக்கு நம்மிடம் கைவசம் பண்டங்கள் உண்டு. தோசைக்குப் பதில் அடை. அரிசிக்குச் சமமாகத் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் உளுந்தும் போட்டு, முருங்கைக்கீரையை உருவிப் போட்டுச் சுட்டது, அவியலோடு. மிக்சருக்குப் பதில் மெரினாவின் பட்டாணிச் சுண்டல். மாங்காயும் தேங்காயும் பச்சைமிளகாயும் போட்டால் புளிப்பு, காரம், கடி மூன்றும் அதில் இருக்கின்றன. பிரியாணி என்றால் தட்டில் சோற்றைவிடக் கறி கூடுதலாக, வெங்காயப் பச்சடி ஒரு கிண்ணம் நிறைய. பொரித்த அப்பளத்துக்குப் பதில் சுட்ட அப்பளம். காய்ச்சல் விட்ட அன்று எதைக் கேட்போம்? மிளகு ரசம் ஊற்றிக் குழைந்த சோறும் சுட்ட அப்பளமும்தானே. நம் ஆட்களுக்கு மனசை ஆற்றிய முதல் உணவு பொரித்தது அல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வீட்டுச் சமையல் என்றால் எல்லாம் நல்லதா?

‘வீட்டுல செஞ்சது, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது’ என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. நிதி ஆயோக் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 19.7 கிலோ சமையல் எண்ணெயைச் செலவழிக்கிறார். நாளொன்றுக்கு 54 கிராம். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மாதிரித் தட்டில், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 27 கிராம்தான். சரியாக இரண்டு மடங்கு உபயோகிக்கிறோம்.

அந்த 27 கிராமை நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பெருக்கினால் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் வருகிறது. வெளியே வாங்கித் தின்பதும் அதற்குள்தான் அடங்க வேண்டும். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம். ஏழு லிட்டர் இருந்தது. அன்றைக்குத்தான் எண்ணெய்த் தூக்கிலிருந்து சரித்து ஊற்றுவதை நிறுத்திக் கரண்டியால் அளந்து ஊற்ற ஆரம்பித்தோம். மூன்று மாதத்தில் ஐந்து லிட்டருக்கு வந்திருக்கிறது. ருசி குறைந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

அதே நேரம், வீட்டுச் சமையலே குறைந்துகொண்டும் வருகிறது. 2023-24ஆம் ஆண்டு குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கு நகரத்துக் குடும்பங்கள் மொத்தச் செலவில் 11.09 சதவீதமும் கிராமத்துக் குடும்பங்கள் 9.84 சதவீதமும் ஒதுக்கியிருக்கின்றன. உணவுச் செலவுகளிலேயே பெரிய பங்கு இதுதான். அரிசிக்கும் பருப்புக்கும் காய்க்கும் தனித்தனியாகச் செலவிடுவதைவிட வாங்கித் தின்பதற்கு அதிகம் செலவிடுகிறோம், கிராமத்திலும்.

அண்ணி கேட்ட கேள்வி

இவற்றை எல்லாம் எழுதப்போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஒருநாள் அடுப்படிக்கு வந்துட்டு பேப்பர்ல எழுதுறீங்க தம்பி. நான் இருபது வருசமா இங்கதான் நிக்கிறேன். உங்க அண்ணனுக்குச் சர்க்கரைன்னதும் ஒரு சமையல் ரெண்டு சமையலாச்சு. இப்ப நீங்க சொல்ற வடைக்கு உளுந்தை யாரு ஊறவைக்கிறது, சந்தகைய யாரு பிழியுறது? அதையும் எழுதுங்க.”

எழுதத்தான் வேண்டும். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். 2019இல் பெண்களின் கணக்கு 299 நிமிடமாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது பத்தே நிமிடம். 2019இல் வீட்டுவேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ‘அந்தக் காலத்தில் அம்மா கையால்…’ என்று உருகுவது நியாயமில்லை. ஆட்டுக்கல்லில் உளுந்தாட்டிய அம்மாவின் தோள்வலியையும் சேர்த்துத்தான் அந்த வடையை நாம் தின்றோம். வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்பும் ஒரு பெண், கைப்பேசியில் இரண்டு பரோட்டா வரவழைத்தால் அதைச் சோம்பல் என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆரோக்கியச் சமையல் என்ற பெயரில் 289 நிமிடத்தை 320 ஆக்குவதுதான் தீர்வு என்றால், அது தோற்கும். தோற்கவும் வேண்டும்.

வீட்டில் மாற்று உணவு நிலைக்க வேண்டுமானால், அது எல்லோருக்கும் ஒரே சமையலாக இருக்க வேண்டும். ‘சர்க்கரைக்காரருக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி’ என்று இரண்டு அடுப்பு எரிந்தால் மூன்றாம் மாதம் ஓர் அடுப்பு அணைந்துவிடும், அணைவது நல்ல சமையலின் அடுப்பாகத்தான் இருக்கும். அடுத்து, வேலை கைமாற வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை வறுத்து, இட்லிப்பொடி இடித்து, கடலையை வேகவைத்துப் பிரித்து வைப்பது அண்ணனின் பொறுப்பு. சனிக்கிழமை இரவு கடலையை ஊறவைப்பது பையனின் வேலை. முதல் இரண்டு வாரம் மறந்தான். சுண்டல் இல்லாத அந்த ஞாயிறுகளைப் பார்த்த பிறகு, மூன்றாம் வாரத்திலிருந்து மறக்கவில்லை.

அடுப்பே இல்லாதவர்களுக்கு?

திருவல்லிக்கேணி மேன்சனிலும் பெருநகரப் பெண்கள் விடுதிகளிலும் தங்கி வேலை பார்ப்பவர்களிடம் ‘வீட்டில் சமையுங்கள்’ என்றால் சிரிப்பார்கள். பல விடுதிகளில் மின்னடுப்பு வைக்கவே அனுமதியில்லை. கட்டடத் தொழிலாளிக்கு நேரமும் இல்லை, பாத்திரமும் இல்லை. இவர்களுக்குத் தனிமனித ஒழுக்கத்தைப் போதிப்பதில் பொருளில்லை. அரசு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, ரேஷன் கடை. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஏழை வீட்டுத் தட்டில் பருப்பு இருப்பதற்கு அந்தத் திட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். இதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோகலாம். அதைவிட முக்கியமாக, கடலையையும் பயறையும் பட்டியலில் சேர்க்கலாம். கடலை எண்ணெயும் தேங்காயெண்ணெயும் ரேஷனில் வேண்டும் என்று விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். ஊர்க்காரர்களிடம் கொள்முதல் செய்தால் அடுப்படிக்கும் வயலுக்கும் சேர்ந்தே நன்மை.

இரண்டாவது, உறையின் முன்பக்கம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் 2016 முதல் சிலி நாட்டில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் அந்த வடிவத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நம் நாட்டில் இதுபற்றி ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். பேச்சு போதும்.

மூன்றாவது, நம் கண்முன்னே இருக்கும் முன்மாதிரி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். பொரித்த பண்டம் இல்லாமலேயே பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். லட்சக்கணக்கானோருக்கு இதைத் தினமும் காலையில் செய்து காட்ட முடிகிற மாநிலம், தொழிற்பேட்டைக் கேன்டீன்களிலும் அரசு விடுதிகளிலும் மாலை நேரத்தில் ஒரு தட்டுச் சுண்டலுக்கு வழிசெய்ய முடியாதா?

பரோட்டாக் கடைகள் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு போய், வாழையிலையில் பிய்த்துப் போட்டு, சால்னா வழிய வழியச் சாப்பிடுங்கள். நானும் வருகிறேன். மீதி நாட்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை எடுத்துக் கழுவித் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். ஒரு நிமிட வேலை. வீட்டில் இதுவரை அதைச் செய்யாதவர் யாரோ, இன்று அவர் செய்யட்டும்.